வெள்ளத்துக்கு வழிவிட்ட பூங்கா



நகரின் பொது இடங்கள் எப்படி உருவாகின, எப்படி மாறின என்பது இன்றைய பேச்சு. பூங்கா அமைப்பது என் தொழில் அல்ல. கேள்வி கேட்பதுதான் என் தொழில். ஆகவே ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நாம் 'லோங்காங்' என்று சொல்லித் தாண்டிப் போகிறோமே, அந்தக் கால்வாய்களில் சில ஒரு காலத்தில் ஆறாகவும் ஓடையாகவும் இருந்தவை என்றால் நம் பிள்ளைகள் நம்புவார்களா?

டோபி காட் ரயில் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்குகிறோம். அது இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்களால் வந்த பெயர். 'காட்' என்றால் படித்துறை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஓர் ஓடை ஓடியது. அதில் துணி துவைத்து, பக்கத்துத் திறந்தவெளியில் உலர்த்தினார்கள். இன்று துறையும் இல்லை, துவைப்பவரும் இல்லை. அந்த ஓடை ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகி, பெரும்பாலும் நம் காலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது.

காங்கிரீட் காத்த காலம்

ஆறுகளுக்கு ஏன் காங்கிரீட் பூசினார்கள்? அழகு தெரியாமல் அல்ல. உயிரைக் காக்கத்தான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. 1978 டிசம்பரில் பெய்த பெருமழையில் 7 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அந்த நாட்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மழைநீரைக் கூடிய விரைவில் கடலுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதே அக்காலப் பொறியாளர்களின் கொள்கை. வளைந்து ஓடிய ஆறுகளை நேராக்கினார்கள். கரையைக் காங்கிரீட்டால் கட்டினார்கள். அதற்குப் பலனும் கிடைத்தது. 1970களில் 3,200 ஹெக்டராக இருந்த வெள்ள அபாயப் பகுதி, பிற்பாடு 30 ஹெக்டர் அளவுக்குக் குறைந்தது. இதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆனால், அதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். மக்களுக்கும் தண்ணீருக்கும் இடையே சுவரும் கம்பித் தடுப்பும் எழுந்தன. "கால்வாய்ப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளை அதட்டி வளர்த்தோம். ஆறு என்பது ஆபத்து, அசுத்தம் என்றே ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது.

மனம் மாறிய கதை

முதல் மாற்றம் 1977இல் வந்தது. பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் தூய்மைப்படுத்த வேண்டும் என்று பிரதமர் லீ குவான் யூ இலக்கு வைத்தார். 1987இல் அது நிறைவேறியது. தண்ணீர் சுத்தமானதும் மக்கள் கரைக்குத் திரும்பினார்கள். 2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் அடுத்த படிக்குச் சென்றது. கால்வாய்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் கூடும் இடங்களாக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

அதில் மிகப் பெரிய சோதனை நடந்த இடம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. இரண்டு குடியிருப்புப் பேட்டைகளுக்கு நடுவே 1988இல் அமைந்த பூங்கா அது. அதை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் காலாங் ஆறு நேரான காங்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவையும் கால்வாயையும் ஒருசேரப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தபோது, தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் கைகோத்தன. வடிவமைத்தவர் ஜெர்மானிய நிலவனப்புக் கலைஞர் ஹெர்பர்ட் டிரைசைட்ல்.

அவர்கள் செய்தது என்ன? காங்கிரீட்டை உடைத்து எடுத்தார்கள். ஆற்றை மறுபடி வளைந்து நெளிந்து ஓட விட்டார்கள். 2.7 கிலோமீட்டர் 3.2 கிலோமீட்டர் ஆனது. கரையைச் செடிகளின் வேர்களும் கற்களும் பிடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். இந்த முறை சிங்கப்பூருக்குப் புதிது என்பதால், 2009இல் பக்கக் கால்வாய் ஒன்றில் 60 மீட்டர் தூரத்துக்குப் பத்து வகை உத்திகளைப் பரீட்சித்துப் பார்த்து, ஏழை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். உடைத்த காங்கிரீட் பாளங்களையும் வீணாக்கவில்லை. அவற்றை அடுக்கிப் பூங்காவுக்குள்ளேயே ஒரு குன்று எழுப்பினார்கள். ஏறத்தாழ 76 மில்லியன் வெள்ளி செலவான இப்பணி முடிந்து, 62 ஹெக்டர் பூங்காவை 2012 மார்ச் 17ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் திறந்து வைத்தார்.

மழை நாளில் ஆறு, மற்ற நாளில் பூங்கா

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே அணை போடவில்லை, வழிவிட்டார்கள். மழையில்லாத நாளில் ஆறு ஒரு சிற்றோடை. அதன் கரைப் புல்வெளியில் குழந்தைகள் விளையாடலாம். பெருமழை பெய்தால் அதே புல்வெளி ஆறாகிவிடும். 17 முதல் 24 மீட்டர் வரை இருந்த அகலம், வெள்ளக் காலத்தில் ஏறக்குறைய 100 மீட்டர் வரை விரியும். நீரைத் தாங்கும் திறன் பழைய கால்வாயைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடியிருக்கிறது. ஒரே நிலம் இரண்டு வேலை பார்க்கிறது.

கம்பித் தடுப்பை எடுத்துவிட்டால் பாதுகாப்புக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கரை சரிவாக இருப்பதால் தண்ணீர் சிறிது சிறிதாகவே ஏறும். மேட்டுக்கு நடந்துபோக நேரம் கிடைக்கும். நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் கருவிகள், அபாயச் சங்கு, எச்சரிக்கை விளக்கு, ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாம் உண்டு. ஆனாலும் சங்கு ஊதினால் எழுந்து போகவேண்டியவர்கள் நாம்தான். தடுப்பு செய்த வேலையில் ஒரு பங்கை அரசாங்கம் நம் பொறுப்பில் விட்டிருக்கிறது. பொது இடம் என்பதன் பொருளே அதுதான் என்று நான் நினைக்கிறேன். 2010களின் நடுப்பகுதியில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று அங்கே குடியேறியது பலருக்கும் நினைவிருக்கும்.

எல்லாக் கால்வாயையும் இப்படி மாற்றிவிட முடியுமா? முடியாது. அதற்கு அகன்ற நிலம் வேண்டும். சலவைத் தொழிலாளர்களின் ஓடையை மறுபடி பாருங்கள். 2010 ஜூன் 16ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளம் புகுந்தபோது பொங்கி வழிந்தது அந்த ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்தான். கடைத்தொகுதிகள் நெருக்கியிருக்கும் அங்கே வழிவிட நிலமில்லை. அதனால் 38,000 கன மீட்டர் மழைநீரைப் பிடித்து வைக்கும் பெருந்தொட்டியை நிலத்தடியில் கட்ட வேண்டியதாயிற்று. அது 2018இல் முடிந்தது. ஓடையைச் சுற்றி இடம் விடாமல் கட்டிவிட்டால் பிறகு எவ்வளவு சிரமப்பட வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

காலாங் ஆற்றுக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் 800,000 பேர் வசிப்பதாகவும், அடுத்த 20 ஆண்டுகளில் மேலும் 100,000 வீடுகள் வரக்கூடும் என்றும் நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் கூறியது. அந்த வீடுகள் எழும்போது ஆற்றுக்கு எவ்வளவு இடம் விடுகிறோம் என்பது முக்கியம். திட்டங்களைக் கண்காட்சியாக வைத்து ஆணையம் கருத்துக் கேட்கும்போது, நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்க்கிறோம்? வீட்டின் விலையையும் ரயில் நிலையத்தின் தூரத்தையும் விசாரிப்பதோடு, ஆறு எங்கே ஓடும், பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்றும் விசாரிப்போம். கட்டி முடித்த பிறகு கேட்பதைவிட, கோடு போடும்போதே கேட்பது எளிது.