சுடாத சுவரும் சுட்ட ஓடும்

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டாரத்துச் சிற்றூர்களின் பழைய ஓட்டு வீடுகளில் சுவர் பச்சை மண். கூரை மட்டுமே சுட்ட மண். மண்ணை நீரூற்றி ஊறவைத்து, வைக்கோல் துண்டு கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். ஒரு வரிசை வைத்து, அது இறுகிய பின்னரே அடுத்த வரிசை. முழக் கனமுள்ள அச்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி இரவில் மெல்ல விடும். மழை நேரே விழும் கூரைக்கு மட்டும் சூளை வேண்டியிருந்தது. நாட்டு ஓட்டைக் குயவர் திரிகையில் குழாய்போல் வனைந்து, முற்றக் காயுமுன் நெடுக இரண்டாக அறுத்துச் சுட்டனர். நீர் படும் இடத்துக்கே நெருப்பு என்பது எழுதப்படாத நெறியாக இருந்தது.

செங்கல் அக்காலத்தில் அறியப்படாததன்று. செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளியாக மாற்றியவர் செம்பியன் மாதேவியார். அவர் திருப்பணி கண்ட தலங்களுள் திருமுதுகுன்றமும் ஒன்று. எனினும் எளியோர் இல்லத்துச் சுவருக்குக் காளவாய்ச் செங்கல் வந்தது மிகப் பிற்காலத்திலேயே. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழியே சீமை ஓடு பரவி நாட்டு ஓட்டை ஒதுக்கிற்று. பின்னர்ச் சிமெண்டு இரண்டையும் ஒதுக்கிற்று.

நெருப்பின் விலையை விருத்தாசலம் நன்கறியும். 1956இல் நிறுவப்பெற்ற நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் வெண்களிமண் கிடைத்தது. அம்மண்ணுக்கு அருகே பீங்கான் தொழில் தழைத்தது இயல்பே. செங்கல் ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்தில் வேகும். பீங்கானுக்கு 1200க்கு மேல் வேண்டும். சிமெண்டுச் சூளைக்கோ 1450.

நம் ஆசாரியர்களும் இதனை எண்ணிப் பார்த்துள்ளனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் இயற்றிய யோகசாஸ்திரம், இல்லறத்தார் விலக்கத்தக்க பிழைப்புகளுள் நெருப்பால் நடப்பவற்றைத் தனி வகையாக்கி, செங்கல் சுடுதலையும் அதில் சேர்க்கிறது. நிலத்தைத் தோண்டுதலும் அந்நூலில் விலக்கப்பட்டதே. ஆகவே மண்வீடு முற்றும் மாசற்றது என வாதிட இடமில்லை. ஓரறிவுயிர்க்கு நேரும் துன்பத்தைக் குறைத்துக்கொள்வதே இல்லறத்தார்க்கு இயல்வது.

வீடு முழுவதையும் சுட்டுப் பார்த்தவரும் உண்டு. புதுச்சேரியில் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கியோருள் ஒருவரான ரே மீக்கர், ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் வழியைப் பின்பற்றிப் பச்சைக் கற்களால் வளைகூரை வீடு எழுப்பி, அதனுள்ளேயே செங்கல்லும் ஓடும் அடுக்கித் தீ மூட்டினார். வீடே சூளையாயிற்று. உள்ளே வெந்த சரக்கின் விலை விறகுச் செலவை ஈடுசெய்யும் என்பது கணக்கு. ஆரோவில்லின் 'அக்னிஜாதா' அவ்வாறு எழுந்ததே. நுட்பமான முயற்சிதான், ஆயினும் விறகு அரிதான நாட்டில் சுவரைச் சுட முனைந்தது பழைய நெறிக்கு எதிர்த்திசை என்பதே என் கருத்து. பின்னாளில் மீக்கரும் அதனை விடுத்துச் சுடுமண் சிற்பத்துக்குத் திரும்பினார்.

அதே ஆரோவில்லில் 1989இல் தோன்றிய மண் கட்டுமான நிறுவனம் மறுவழி சென்றது. சலித்த மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு கலந்து, பொறியில் அழுத்திக் கல்லாக்கி, ஏறக்குறைய ஒரு மாதம் ஈரங்காத்துப் பதப்படுத்துவது அதன் முறை. இத்தகைய கற்களால் எழுந்த பார்வையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது. சிமெண்டு கலப்பதால் இக்கல்லும் நெருப்பை முற்றும் துறந்ததன்று. கல்லின் இருபதில் ஒரு பங்கே சூளை கண்டது.