பசியை எந்தக் கணக்கில் எழுதுவது?
சத்துணவு, உடல், ஒரகடம்

1

1925 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் போட்டுக்கொண்டிருந்த மதிய உணவு நின்றுபோனது. பஞ்சம் வந்துவிடவில்லை. பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்று பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த மாநகராட்சி 1920-இல் தீர்மானம் போட்டது. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-இல் இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பேர் படித்தார்கள். 1924-25-இல் 1671 பேர். சோறு போட்டால் பிள்ளை வரும் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை. ஆனாலும் நின்றது. காரணம், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று காலனிய அரசு சொல்லிவிட்டது. 1927-இல் மறுபடி தொடங்கியபோது 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகள் என்று எண்ணிக்கை கட்டிக் கொடுத்தார்கள்.

சத்துணவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த 1925-ஐ ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு கணக்குப்பிள்ளைத் தடங்கல், அவ்வளவுதான் என்பதாக. என்னைக் கேட்டால் முழு வரலாறும் அந்தத் தடங்கலுக்குள்தான் இருக்கிறது. எழுத்து கற்பிப்பது கல்விச் செலவு. எழுத்து கற்க வந்த பிள்ளையின் வயிறு கல்விச் செலவு இல்லை. அப்படியானால் அது யாருடைய கணக்கு? பெற்றவள் கணக்கா, சாதிக் கணக்கா, தர்மக் கணக்கா? பேரேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் ஒரு செலவு எழுதப்படுகிறது என்பது வெறும் எழுத்தர் வேலை இல்லை. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று தீர்மானிக்கிற அரசியல் அது. நூறு வருஷமாக இங்கே நடந்திருப்பது இந்தத் தலைப்பை மாற்றி மாற்றி எழுதிய சண்டைதான்.

2

அரசு ஏன் பிள்ளைக்குச் சோறு போடுகிறது? 'கருணை' என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கிலாந்தில் 1906-இல் பள்ளி உணவுச் சட்டம் வந்ததற்குப் பின்னால் போயர் யுத்தம் இருந்தது. படையில் சேர வந்த தொழிலாளி வர்க்கத்துப் பையன்களில் ஏராளமானோர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது பெரிய பீதியைக் கிளப்பி, 1903-இல் 'உடல் சீரழிவு' பற்றி விசாரிக்கக் குழுவே போட்டார்கள். அமெரிக்காவின் 1946 பள்ளி உணவுச் சட்டம் தன்னை 'தேசப் பாதுகாப்பு' நடவடிக்கையாகவே அறிவித்துக்கொண்டது. கூடவே விவசாய உபரியைத் தள்ளிவிடவும் அது வழி செய்தது. பூக்கோ 'உயிர் அதிகாரம்' என்று சொன்னது இதைத்தான். பழைய அரசன் உயிரை எடுக்கிற உரிமையால் ஆண்டான். நவீன அரசு உயிரை வளர்த்து, அளந்து, எண்ணி ஆளுகிறது.

ஆனால் பூக்கோவை அப்படியே தூக்கிவந்து இங்கே வைத்தால் பொருந்தாது. இங்கே பிள்ளையின் உடல் அரசுக்குச் சொந்தமாகும் முன்பே சாதிக்குச் சொந்தமாக இருந்தது. எவன் பிள்ளை எவன் பிள்ளையோடு உட்கார்ந்து யார் கையால் சாப்பிடுவது என்ற கேள்விக்கு 1906-இன் இங்கிலாந்துக்காரன் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் விளக்கின் ஓரணாச் சாப்பாட்டை நீதிக்கட்சி போட்டது என்பதை இந்தப் பின்புலத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

காமராசர் காலத்து மதிய உணவு 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். இருவருமாக 1925-இன் கேள்விக்கு ஒரு பதில் எழுதினார்கள்: பாதி அரசுக் கணக்கு, பாதி ஊர்க் கணக்கு. முதலில் ஊரார் நன்கொடை, 1957-லிருந்து அரசுப் பங்கு. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் போட்டு, ஊர்ப் பெரியதனக்காரர்களிடம் பெஞ்சு, கரும்பலகை, அரிசி, பருப்பு என்று கேட்டு வாங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் 'ஊர்' என்று எழுதும்போது சேரி அதற்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கொடுப்பவர் ஊர்க்காரர் எனில் வாங்குகிற பிள்ளை கடனாளி. 1961-லிருந்து 'கேர்' நிறுவனத்தின் வழியாக அமெரிக்க உபரி வந்தது: பால்பவுடர், எண்ணெய், மாவு. ஊர்க் கணக்கோடு வெளிநாட்டுக் கணக்கும் சேர்ந்தது. சொந்த அரசுக்கு முழுக்கடமை என்று ஒரு தலைப்பு அப்போதும் எழுதப்படவில்லை.

3

எழுதப்பட்டது 1982 ஜூலை 1-இல். எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார். முதலில் கிராமங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை, செப்டம்பரில் நகரங்களுக்கு, 1984-இல் பதினைந்து வயது வரை. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பொருளாதாரம் படித்தவர்கள் சிரித்தார்கள். இடதுசாரித் தோழர்களும் சேர்ந்து சிரித்தார்கள்: 'கவர்ச்சி அரசியல்'. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எழுதிய புத்தகத்தில் எம்.ஜி.ஆர். பிம்பத்துக்கும் அவரது ஆட்சியின் வரவு செலவுக்கும் உள்ள தூரத்தை எடுத்துவைத்தார். மதுவிலக்கைத் தளர்த்தியது 1981, டாஸ்மாக் வந்தது 1983, நடுவில் சத்துணவு. அப்பன் குடித்துக் கட்டிய வரி சர்க்காரைச் சுற்றிவந்து பிள்ளை தட்டில் விழுகிறது என்றால், கொடுத்தவன் யார்? இந்தக் கேள்வி இன்றைக்கும் செல்லும்.

ஆனால் அதே வருஷங்களில் இன்னொரு திட்டமும் இங்கே ஓடியது. அதைப் பற்றி யாரும் பாட்டு எழுதவில்லை. உலக வங்கிக் கடனில் 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதனையாகத் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் ஊட்ட உணவு, சுமார் மூன்று மாதம். தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

ஒரே மாநிலத்தில், ஒரே சமயத்தில் இரண்டு தர்க்கங்கள். ஒன்று தராசு, மற்றது அண்டா. தராசு கேட்கும்: நீ போதுமான அளவு மெலிந்திருக்கிறாயா, நிரூபி. அண்டா கேட்காது. வரிசையில் வந்து நின்றால் சோறு. உலக வங்கிக்குப் பிடித்தது தராசு. 'இலக்கு' நோக்கிய செலவு, வீணாகாது. அண்டாவை அவர்கள் ஊதாரித்தனம் என்றார்கள். கடைசியில் எது நின்றது? 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு போடச் சொன்னபோது அண்டாதான் தேசத்துக்கே சட்டமானது. சிரித்தவர்கள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இதோடு நிறுத்தினால் நமக்குப் பெருமையாக இருக்கும். நிறுத்தக் கூடாது. தராசு ஒரு விஷயத்தைச் சரியாகப் பார்த்தது: வயதை. குழந்தையின் வளர்ச்சி உடைந்துபோவது பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்தில். அண்டாவுக்கு நடந்து வரத் தெரிந்த பிள்ளைதான் வர முடியும். இரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்றும் அங்கன்வாடி கொடுப்பது வீட்டுக்கு எடுத்துப்போகிற சத்துமாவு. மாவைக் கரைத்து ஊட்ட வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பது திட்டத்தின் எழுதப்படாத முதல் விதி.

4

அண்டாவைக் கிண்டுவது யார்? அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மையத்துக்கு மூன்று பேர். ஏறக்குறைய எல்லாரும் பெண்கள்; அதிலும் விதவைகள், கைவிடப்பட்டவர்கள். வேலை கொடுத்ததைப் புரட்சி என்று பேசியாகிவிட்டது. கொடுத்த காசுக்கு வைத்த பெயர்தான் கவனிக்க வேண்டியது: 'மதிப்பூதியம்', 'தொகுப்பூதியம்', 'சிறப்புக் காலமுறை ஊதியம்'. ஊதியம் என்று மட்டும் சொல்ல இத்தனை தயக்கம். அங்கன்வாடிப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது தாய்மை, தாய்மைக்குக் கூலி கேட்கலாமா என்கிற அதே பழைய சொல்லாடல்தான். எழுபதுகளில் டல்லா கோஸ்டா, ஃபெடரிசி போன்ற இத்தாலியப் பெண்ணியர்கள் இதை உடைத்துச் சொன்னார்கள்: தொழிற்சாலைக்குள் நுழைகிற உழைப்புச் சக்தியைப் பெற்று, ஊட்டி, வளர்த்து அனுப்புவதும் உழைப்பு, கூலி கொடுக்காததாலேயே அது 'அன்பு' என்று பெயர் பெறுகிறது.

சாதி இந்த இடத்தில் மறுபடி வரும். 2018-இல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பிரச்சனை செய்தார்கள். 2022-இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், அடுத்த மாதமே எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடாமல் தடுக்கப்பட்டார்கள். கனிமொழி நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. 1956-இல் காமராசர் தொடங்கிய அதே எட்டயபுரம். அறுபத்தேழு வருஷம் கழித்தும் எல்லாருக்கும் சேர்த்துச் சோறு போட அரசால் முடிகிறது. கிண்டுகிற கையை எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி செய்ய இன்னும் முடியவில்லை.

5

இப்போது ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று நீள்கிற சிப்காட் வெளி. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. 1998-இல் ஹூண்டாய் கார் வந்தது, 2006-இல் நோக்கியா வந்து 2014-இல் போனது, 2010-இல் ரெனோ-நிசான், பிறகு ஃபாக்ஸ்கான். அசெம்பிளி லைனில் நிற்கிற இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். இவர்களில் பலர் சத்துணவில் வளர்ந்தவர்கள், வாரத்துக்கு மூன்று முட்டை, ஐந்து முட்டை என்று திட்டம் வளர வளரக் கூடவே வளர்ந்தவர்கள். அரசு இருபது வருஷம் முதலீடு செய்த உடல்களைக் கம்பெனி சும்மா எடுத்துக்கொள்கிறது. அந்த உடல்களுக்குக் கிடைத்தது என்ன? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன சாப்பாடு. 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில். ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் சாலையில் உட்கார்ந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. தேவையான விடுதிதான். ஆனால் அதன் கட்டிடக்கலையை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். அது எண்ணுவது படுக்கைகளை. பிள்ளையோடு ஒருத்தி வந்து நின்றால் அவளுக்கு இடமில்லை. ஐபோன் பிரிவில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த வழக்காடலை விட்டுவிடுவோம். இருபதுகளில் வந்து, கல்யாணம் ஆனதும் போய்விடுகிற பெண்ணைச் சுற்றித்தான் இந்தத் தாழ்வாரத்தின் தர்க்கம் கட்டப்பட்டிருக்கிறது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு குழந்தைகள் காப்பகம் வைக்கச் சொன்னது. முதலில் ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால், 1976 திருத்தத்துக்குப் பின் முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஐம்பது ஊழியர்கள் என்றது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டமும் அந்த எண்ணையே வைத்திருக்கிறது. முக்கியமான நகர்வு இது. முதல் தடவையாக ஆணையும் எண்ணினார்கள். குழந்தை அப்பனுக்கும் சேர்த்து என்று பேரேடு ஒப்புக்கொண்டது. ஆனால் நாளைக்கு நாலு தடவை காப்பகத்துக்குப் போய்ப் பார்க்கிற உரிமையை மட்டும் பெண்ணுக்கே எழுதிவைத்தது. எண்ணுவதற்கு அப்பன், ஓடுவதற்கு அம்மா.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதுவும் கிடைத்தவளுக்கு. அங்கன்வாடி சேர்ப்பது இரண்டு வயதில். நடுவில் பதினெட்டு மாதம். கம்பெனிக் காப்பகம் இல்லாவிட்டால் அந்தப் பதினெட்டு மாதத்துக்கு எந்தக் கணக்கிலும் தலைப்பு கிடையாது. இரண்டு வயது ஆனாலும் பால்வாடி பகலில் மட்டும். ஷிப்ட் அப்படி இல்லை. அதே வெளியில் கட்டிட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் ஒடிசாவிலிருந்து குடும்பமாக வருகிறவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்டா யாரையும் கேள்வி கேட்காது என்று மேலே சொன்னேன். ஆனால் அண்டா இருப்பது பள்ளிக்கூடத்துக்குள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருகைப் பதிவேடு, அதற்கு ஒரு ஊர், ஒரு ஜூன் மாதம். சீசனோடு வந்து சீசனோடு போகிற பிள்ளை அந்தப் பதிவேட்டில் தாமதமாக ஏறும், சீக்கிரம் அழியும், பல சமயம் ஏறவே ஏறாது. 1956-இல் சேரி ஊருக்கு வெளியே இருந்த மாதிரி, இன்றைக்கு இந்தப் பிள்ளைகள்.

6

'திராவிட மாடலின் சாதனை' என்று ஒரு தரப்பு, 'முதலாளிக்கு மலிவுக் கூலி தயாரிக்கிற ஏற்பாடு' என்று இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டு தரப்புமே பேரேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. மலிவுக் கூலிக்கு உதவுகிறது என்பதால் பிள்ளையின் சோற்றைக் குறை சொல்ல எந்தக் கோட்பாட்டுக்கும் அருகதை இல்லை. அரசு போடுகிறது என்பதால் கம்பெனியை விடுவிக்கவும் நியாயமில்லை.

2013 கம்பெனிச் சட்டம் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது; பட்டியலில் பசியும் ஊட்டச்சத்தும் உண்டு. அதைக் கொண்டு அங்கன்வாடிச் சுவரில் பெயின்ட் அடித்து, மயில் வரைந்து, கம்பெனிப் பெயரை எழுதிவிட முடியும். அது தர்மக் கணக்கு. 1957-இன் ஊர்ப் பெரியதனக்காரர் கோட்டும் டையும் போட்டு வந்திருக்கிறார். காப்பகம் அந்தக் கணக்கில் வராது. அது சட்டக் கடமை, உற்பத்திச் செலவு. இரும்பு, மின்சாரம், லாரி வாடகைக்கு அடுத்த வரியில் எழுதப்பட வேண்டியது.

ஆகவே கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. ஒரு பேட்டைக்குள் இருக்கிற கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து பணம் கட்டி, ஷிப்ட் நேரத்துக்குத் திறந்திருக்கிற காப்பகங்கள். ஒப்பந்தத் தொழிலாளி பிள்ளைக்கும், சூளைக்காரி பிள்ளைக்கும் அதே தொட்டில். எந்த ஊர்ப் பதிவேட்டில் பெயர் இருந்தாலும் எந்த அண்டாவிலும் சோறு. கிண்டுகிறவளுக்கு 'மதிப்பு' எதுவும் ஒட்டாத வெறும் ஊதியம். தொழிற்சங்கங்கள் சம்பளம், போனஸ், சங்க அங்கீகாரம் என்று பேசும் மேசையில் இதுவும் வரவேண்டும். அங்கே ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும்வரை வராது.

1925-இல் வெள்ளைக்காரக் கணக்கு அதிகாரி, பிள்ளையின் வயிறு கல்வியில் சேராது என்று கோடு கிழித்தார். அந்தக் கோட்டை அழிக்க இந்த மாநிலத்துக்கு அறுபது வருஷம் பிடித்தது. பிள்ளையின் வயிறு உற்பத்தியில் சேராது என்று ஒரகடத்தில் கிழித்திருக்கிற கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.