மானபங்கமும் வழிமறிப்பும்

"பஸ்சில் பெண்ணிடம் சில்மிஷம்: வாலிபருக்குத் தர்ம அடி." தமிழ் நாளிதழ் படிக்கிற எவருக்கும் பழகிப்போன தலைப்பு இது. வெண்ணெய் திருடும் கண்ணனுக்கும், கூட்டத்தில் பெண்ணின் இடுப்பைத் தடவுகிறவனுக்கும் நம் பத்திரிகைத் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இரண்டு வரிச் செய்தியில் அவன் என்ன செய்தான், கூட்டம் அவனை என்ன செய்தது என்பது வந்துவிடும். அந்தப் பெண் எங்கே போய்க்கொண்டிருந்தாள், போய்ச் சேர்ந்தாளா, மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறினாளா என்பது வராது. இதைச் செய்தியாளரின் அவசரம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதே விடுபடல் நம் சட்ட வரலாற்றிலும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இருக்கிறது. பொது இடத்தில் பெண் சீண்டப்படும்போதெல்லாம் அரசும் சமூகமும் அவளுடைய மானத்துக்கு என்ன ஆயிற்று என்றே கேட்டிருக்கின்றன. அவளுடைய வழி மறிக்கப்பட்டதே என்று கேட்டது மிக அரிது.

வழிமறிப்பு என்று சொல்வது மிகை அல்ல. தெற்குத் திருவிதாங்கூரின் தோள்சீலைக் கலகத்தைப் பார்த்தால் இது விளங்கும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டச் சந்தைகளில், மேலாடை அணிந்து வந்த நாடார் பெண்களின் ஆடை பட்டப்பகலில், பலர் பார்க்கக் கிழித்தெறியப்பட்டது. 1829இல் வந்த அரசு அறிவிப்பு, அவர்கள் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணிவதைத் தடுத்தது. 1858, 59இல் வன்முறை மறுபடி வெடித்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் நெருக்கடிக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்று நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று மன்னரின் பிரகடனம் வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணியில் மட்டும் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே இருந்தது. சந்தையில் கை வைத்தவர்களை இளமைத் துடிப்பு உந்தியது என்றோ ஆசை கண்ணை மறைத்தது என்றோ யாராலும் சொல்ல முடியாது. இந்தத் தெருவில் நீ எப்படி நடக்க வேண்டும் என்பதை நாங்கள்தான் தீர்மானிப்போம் என்று காட்டவே அவர்கள் வந்தார்கள். அரசின் பிரகடனமோ பெண்கள் எதை உடுத்தலாம் என்று விளக்கிவிட்டு ஓய்ந்தது.

அதற்கு அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தப் போக்கைப் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் எழுதிவைத்தது. பெண்ணின் நாணத்தைக் குலைக்கும் நோக்கில் தாக்கினால் 354ஆம் பிரிவு. அவளுடைய நாணத்தை அவமதிக்கும் நோக்கில் சொல்லோ ஒலியோ சைகையோ எழுந்தால் 509ஆம் பிரிவு. நாணம் என்பதுதான் இரண்டுக்கும் அச்சாணி. நம் ஊர் வழக்கில் அது 'மானபங்கம்' ஆயிற்று. இந்த அச்சாணியை வைத்துக்கொண்டு நீதிமன்றங்கள் பட்ட பாட்டுக்கு 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு பஞ்சாப் வழக்கே சாட்சி. பாதிக்கப்பட்டது ஏழரை மாதக் குழந்தை. அந்தக் குழந்தைக்கு நாணம் என்ற ஒன்று உண்டா என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் விவாதிக்க வேண்டியிருந்தது. உண்டு என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள், தலைமை நீதிபதி மாறுபட்டார். மனசாட்சியுள்ளவர்கள்தான் விவாதித்தார்கள். சட்டம் கேட்ட கேள்வியே கோணலாக இருந்தபோது அவர்களும் அந்தக் கோணலுக்குள் நின்றுதான் பதில் தேட வேண்டியிருந்தது.

இந்தப் போக்குக்கு விலக்கே இல்லையா என்றால், ஒன்று உண்டு. 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 64ஆம் பிரிவு, 1891 முதல் ஒவ்வொரு பயணி ரயிலிலும் கடைசி வகுப்பில் ஒரு பெட்டியறையையாவது பெண்களுக்கென ஒதுக்க வேண்டும் என்றது. ஐம்பது மைலுக்கு மேல் ஓடும் ரயிலென்றால் அதில் கழிப்பறையும் வேண்டும் என்றது. பெண் ஒருத்தி நெடுந்தூரம் போவாள், அவளுக்கு இயற்கை உபாதை வரும் என்றெல்லாம் ஒரு சட்டம் யோசித்திருக்கிறது. மானத்தைப் பற்றிய பேச்சே அதில் கிடையாது. தனி இடம் இருந்ததால்தானே நம் பாட்டிமார் ரயிலேறினார்கள், பெண்கள் பள்ளிக்கும் வேலைக்கும் வெளியே வந்தார்கள், அதைக் குறை சொல்லலாமா என்று கேட்டால், கூடாதுதான். மும்பையில் 1992 மே மாதம் சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் இடையே முழு ரயிலையே மகளிருக்கென விட்டபோது அதை வரவேற்காத பெண் இருந்திருக்க மாட்டாள். ஆனால் வேலி போட்டால் வேலிக்கு வெளியே உள்ளது யாருக்கு என்ற கேள்வியும் கூடவே முளைக்கிறது. நம் டவுன் பஸ்ஸைப் பாருங்கள். இடப்பக்கச் சன்னல்களுக்கு மேலே 'பெண்கள்' என்று எழுதியிருக்கும். வலப்பக்கம் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. எழுதாமலேயே அது ஆண்கள் பக்கம். அங்கே காலியாக இருக்கிற இருக்கையில் ஒரு பெண் போய் உட்கார்ந்தால், "லேடீஸ் சீட்தான் அங்க இருக்கே" என்று ஒரு குரல் கிளம்பும். இரண்டு வரிசைக்கும் நடுவே நிற்கிற பெண்ணுக்கு எந்த ஒதுக்கீடும் கிடையாது. இடிமன்னர்கள் என்று ஊர் பெயர் வைத்திருக்கிறதே, அவர்களுடைய ராஜ்ஜியம் அந்த நடைபாதைதான். அங்கே அவளுக்குத் துணை புடவை மடிப்பிலோ துப்பட்டாவிலோ குத்தியிருக்கும் ஊக்கு ஒன்றுதான்.

பெண்ணின் உடையும் நடையுமே காரணம் என்பவர்களுக்குப் பெரிய துணை காந்தி. பஞ்சாப் மாணவி ஒருத்தி, வீதியில் இளைஞர்கள் தரும் தொல்லையைப் பற்றி எழுதிக் கேட்டதற்கு 1938 டிசம்பரில் ஹரிஜன் இதழில் அவர் பதில் எழுதினார். இளைஞர்களைக் கண்டித்தார், ஐயமில்லை. கூடவே, நவீனப் பெண் பிறர் கவனத்தை ஈர்க்கவே உடுத்துகிறாள் என்றும் எழுதினார். கல்கத்தாவிலிருந்து இளம்பெண்கள் சிலர் சேர்ந்து கையெழுத்திட்டு மறுப்புக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த பிப்ரவரியில் அதையும் அவர் ஹரிஜனில் எடுத்துப் பேசினார், அந்த நேர்மை அவருக்கு இருந்தது. என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் மகாத்மாவைவிடத் தெருவை நன்றாக அறிந்தவர்கள் அந்தப் பெண்கள்தான். சினிமா வந்துதான் பையன்கள் கெட்டார்கள் என்று பழி போடுகிறவர்களும் இந்த ஆண்டுகளைக் கவனிக்கலாம். கதாநாயகியைத் துரத்திப் பாட்டுப் பாடும் கதாநாயகன் பையன்களுக்குப் பாணி கற்றுத் தந்தான், மறுக்கவில்லை. உரிமை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

'ஈவ் டீசிங்' என்ற இந்திய ஆங்கிலச் சொல்லிலும் ஆதாம் இல்லை, ஏவாள் மட்டும்தான் இருக்கிறாள். தமிழ்நாடு அதையே சட்டத்தின் பெயராக்கியது. 1998 ஜூலையில் சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பல் ஒன்று கல்லூரி மாணவி ஒருவரைச் சீண்ட, அவர்களில் ஒருவன் மேலே விழுந்ததில் தலையில் அடிபட்டு அந்தப் பெண் இறந்துபோனார். சூட்டோடு சூடாக அவசரச் சட்டமும், பின் ஈவ் டீசிங் தடைச் சட்டமும் வந்தன: ஓராண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். (அதற்குச் சற்று முன்னர்தான் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொலையுண்டு, 1997இல் 'ராகிங்' தடைச் சட்டம் வந்திருந்தது. விளையாட்டுப் பெயர் கொண்ட இரண்டு குற்றங்களைச் சட்டம் கண்டுகொள்ள இரண்டு பிணங்கள் தேவைப்பட்டன.) பெயரில் என்ன இருக்கிறது, தண்டனை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்று சட்டமன்றமே ஒப்புக்கொண்டது. 2002இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'துன்புறுத்தல்' என்று மாற்றியது. கேலி என்றால் கோபித்துக்கொண்டவள்தான் ரசனை கெட்டவள். துன்புறுத்தல் என்றால் செய்தவன் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அது தரும் இடப் பட்டியல்: கல்விக்கூடம், கோயில், பஸ் நிறுத்தம், சாலை, ரயில் நிலையம், தியேட்டர், பூங்கா, கடற்கரை, திருவிழா நடக்கும் இடம். ஒரு பெண் வீட்டை விட்டு இறங்கி எங்கெல்லாம் போவாள் என்பதன் வரைபடம் அது.

சட்டங்களைப் பெண்கள் பொய்ப் புகாருக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற முணுமுணுப்புக்குத் தென்காசி பதில் சொல்லும். 1999இல் அங்கே பஸ் நிலையத்தில் கணவரோடு காத்திருந்த பெண்ணிடம், குடித்திருந்த காவலர் ஒருவர் முறைகேடாக நடந்ததாக வழக்கு. விசாரணையில் கணவனும் மனைவியுமே பிறழ்சாட்சிகள் ஆனார்கள், காவலர் விடுதலையானார். துறை விசாரணையில் தரப்பட்ட பணிநீக்கத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கமே சரி என்றது. இதற்கெனத் தனிச் சட்டம் உள்ள மாநிலம் தமிழ்நாடு மட்டுமே என்றும் அப்போது குறிப்பிட்டது. தனிச் சட்டமுள்ள ஒரே மாநிலத்தில், கணவன் துணைக்கு நின்றும், புகார் சாட்சிக்கூண்டு வரைகூட நிலைக்கவில்லை. பொய்ப் புகார் எங்காவது இருக்கலாம். விழுங்கப்பட்ட புகார்கள்தான் ஊரெங்கும். 2025 ஜனவரியில் தண்டனையைக் கூட்டும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஓராண்டுத் தண்டனைக்கே சாட்சி கிடைக்காத இடத்தில் கூடுதல் ஆண்டுகள் என்ன செய்யும் என்று தெரியவில்லை.

தண்டனையைவிடப் பெரிய விஷயம் 1998 சட்டத்திலேயே ஒரு மூலையில் கிடக்கிறது. ஓடும் பஸ்ஸில் தொல்லை என்று ஒரு பெண் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு விட வேண்டும். அவளை இறக்கிவிட்டுப் போய்ப் புகார் கொடுத்துக்கொள் என்பதல்ல, வண்டியே போக வேண்டும். அவள் ஏறிய பஸ் அவளோடு நிற்க வேண்டும் என்று எழுதிய இந்த இடத்தில்தான் சட்டம் மானத்தை விட்டு வழியின் பக்கம் வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பல தடங்களில் இப்போது இடப்பக்கம் நிறைந்து வலப்பக்கமும் அவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு, பிதுங்கி வழியும் பஸ்ஸில் ஒருத்தி குரல் எழுப்பினால், நடத்துநர் விசில் ஊதி வண்டியை நிறுத்திக் கதவருகே கையைக் காட்டுவார். "யோவ், நீ கீழ இறங்கு." சமயத்தில், "நீ முன்னால தள்ளி நில்லும்மா." மறுபடி ஒரு விசில். ஸ்டேஷன் இருக்கும் திருப்பத்தைத் தாண்டி, பஸ் அதன் தடத்திலேயே போய்க்கொண்டிருக்கும்.