மெய்நிகர் உலகப் பொட்டுகளில் நிகழ்வுச் சுழல்: யாழ்ப்பாணச் சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

இணையவழி மெய்நிகர் உலகங்களில் மனிதரைப் போலவே நடமாடி, பேசி, பொருள் எடுத்து வைக்கும் செய்நிரலை இங்கே பொட் என்கிறோம். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த, முழுதும் எழுத்தாலான மட் (MUD) என்ற விளையாட்டு இவ்வகை உலகங்களுக்கு முன்னோடி. 1995இல் ஆக்டிவ் வேர்ல்ட்ஸ், 2003இல் செகண்ட் லைஃப், அதற்குப் பின் மைன்கிராஃப்ட் என்று உருவம் மாறி வந்தாலும் பொட்டின் அடிப்படை மாறவில்லை. உலகில் ஒன்று நடக்கிறது. பொட் அதற்கு மறுமொழி தருகிறது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகளால் செய்நிரலாக்கம் இங்குள்ள பிள்ளைகளின் கைக்கு எட்டும் தொழிலானது. அந்தப் பிள்ளைகளுக்குப் பொட் எழுதுவது மிகச் சிறந்த பயிற்சி என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் கையேடுகள் தடையில்லாத மின்சாரத்தையும் அறாத இணைப்பையும் எடுகோளாகக் கொண்டவை. எமது ஊருக்கு அவை போதா.

2. சுழலின் இயல்பு

நீர்வேலி, கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தறையில் வெங்காயத்துக்குத் தண்ணி மாறுபவரைப் பார்த்தவர்களுக்கு நிகழ்வுச் சுழலை விளக்க வேண்டியதில்லை. கிணற்றிலிருந்து வருவது ஒரே வாய்க்கால், மண்வெட்டியோடு நிற்பவரும் ஒருவரே. ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததை வெட்டி விடுகிறார். ஓர் ஆள் முழுத் தறைக்கும் போதுவது, எந்தப் பாத்தியிலும் அவர் தங்கிவிடாததால்தான். வரம்பில் நின்று யாரோடாவது கதை வளர்த்தாரானால் தண்ணி வரம்பை உடைத்துக்கொண்டு ஓடும்.

பொட்டிலும் ஓர் இழைதான். வரிசையிலிருந்து ஒரு நிகழ்வை எடுத்து, அதற்குரிய செயற்கூற்றை இயக்கி, அடுத்ததற்குத் திரும்புகிறது. ஆக்டிவ் வேர்ல்ட்ஸ் பொட்டுகளில் இந்தச் சுற்றை ‘வெயிட்’ என்ற அழைப்பின் மூலம் எழுதுபவரே ஓட்ட வேண்டும். அதை அழைக்காத பொட்டுக்கு நிகழ்வுகள் வந்து சேரா. 2009இல் வந்த நோட் ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச்சூழலில் சுழல் உள்ளேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் மாணவர் அதை மறந்தும் போகிறார்கள்.

3. சுழலை மறித்தல்

செகண்ட் லைஃபின் எழுத்துநிரலில் காத்திருக்கும் நிகழ்வுகளுக்கான வரிசையில் 64 இடங்கள். அதற்கு மேல் வருபவை ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் கைவிடப்படும். அங்கே மின்னஞ்சல் அனுப்பும் கட்டளை, நிரலை 20 செக்கன் கட்டாயமாக நிறுத்தி வைக்கும். செக்கனுக்கு நான்கு பேச்சு கேட்கும் ஒரு சந்தைக்கூடத்தில் பொட் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், அந்த 20 செக்கனில் 80 பேச்சு வரும்; 64 வரிசையில் தங்கும்; 16 தொலையும். தொலைந்த விடயம் பொட்டுக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. ஆகவே அஞ்சல் வேலையை வேறொரு நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். கேட்கும் நிரல் கேட்க மட்டும் செய்யட்டும்.

மைன்கிராஃப்ட் உலகம் செக்கனுக்கு 20 தடவை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு 50 மில்லிசெக்கன். பாதை தேடும் கணிப்பு ஒரே மூச்சில் 400 மில்லிசெக்கன் எடுத்தால் எட்டுத் துடிப்புகள் போய்விடும். பொட் மதில் விளிம்பில் நடந்துகொண்டிருந்தால் விழுந்தும் விடலாம். மைன்கிராஃப்ட் பொட் எழுத உதவும் மைன்ஃபிளேயர் என்ற நிரலகத்துக்கான பாதைதேடி ஒரு துடிப்பில் ஏறத்தாழ 40 மில்லிசெக்கன் மட்டும் யோசித்து, மிச்சத்தை அடுத்த துடிப்புக்கு வைக்கிறது. பெரிய வேலையைப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பது இதுதான்.

4. மௌனம்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நேரத்து வீடொன்றை நினைத்துப் பாருங்கள். மின்விசிறி நிற்கிறது, ரவுட்டரின் பச்சை விளக்கு அணைகிறது, மடிக்கணினி மட்டும் மின்கலத்தில் ஓடுகிறது. திரையில் பொட் எந்தப் பிழையும் காட்டவில்லை. சேவையகத்திலிருந்து ‘போய் வருகிறேன்’ என்ற செய்தி வரவில்லை, ஏனென்றால் அதைக் கொண்டுவரும் பாதையே இல்லை. சுழலைப் பொறுத்தவரை இணைப்பு உயிரோடிருக்கிறது. உலகம் அமைதியாக இருக்கிறது, அவ்வளவே.

தண்ணி மாறுபவருக்கு, கிணற்றில் நீர் இறைக்கும் மிசினின் சத்தம் நின்றால் காது சொல்லிவிடும். சுழலுக்கு அந்தக் காது இல்லை. நிகழ்வு வந்தால்தான் அது விழிக்கும். நிகழ்வு வராததை அதற்குத் தானாக அறியும் வழி இல்லை. இயங்குதளத்தையும் நம்ப முடியாது: லினக்ஸில் டிசிபி உயிர்ப்புச் சோதனையை இயக்கினால்கூட, வழக்கமான அமைப்பில் முதற்சோதனை 7200 செக்கனுக்குப் பிறகே, அதாவது இரண்டு மணிநேரம் கழித்தே நடக்கும்.

எனவே மௌனத்தை நாமே நிகழ்வாக்க வேண்டும். எந்தச் செய்தி வந்தாலும் அதன் நேரத்தைக் குறித்து வைத்து, ஐந்து செக்கனுக்கு ஒருமுறை ஒரு நேரக்கணிப்பி அந்தக் குறிப்பைப் பார்க்கட்டும். முப்பது செக்கனாக எதுவும் வரவில்லையென்றால் இணைப்பை நாமே முறித்து, ‘அறுந்தது’ என்ற நிகழ்வை வரிசையில் போடலாம். பத்து வரி நிரல். நான் பார்த்த மாணவர் பொட்டுகளில் மிகுதியாக விடுபட்டிருப்பது இதுவே.

5. மீள்வருகை

கரண்ட் வந்ததும் ஊர் முழுவதும் ஒன்றாக இணைய முயலும். அந்த நெரிசலில் முதல் முயற்சி தவறினால் இரண்டு செக்கன், பிறகு நான்கு, பிறகு எட்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, ஒவ்வொன்றிலும் சிறிது எழுமாற்று நேரத்தைக் கூட்டுவது முறை.

இணைந்தபின் செய்யும் பிழை ஒன்று உண்டு. மின்வெட்டுக்கு முன் வரிசையில் நின்ற வேலைகளைப் பொட் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. மூன்று மணிநேரத்துக்கு முன் போய்விட்டவருக்கு வணக்கம் சொல்கிறது, இடிக்கப்பட்ட மதிலில் ஏறப் பார்க்கிறது. பழைய வரிசையை வெறுமையாக்கி, பழைய நேரக்கணிப்பிகளை நிறுத்திவிட்டு, இப்போது தான் எங்கே நிற்கிறது, அருகில் யார் நிற்கிறார்கள் என்பதைச் சேவையகம் சொல்லி முடிக்கும்வரை அது அசையாமல் இருக்க வேண்டும்.