தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017)

தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் சட்டம். 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசுக் கட்டடங்களையும் வக்ஃபு சொத்துகளையும் இது கட்டுப்படுத்தாது.

இதற்கு முன்பு இருந்தது 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். நிலம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு ‘நியாய வாடகை’ நிர்ணயிக்க அதில் வழி இருந்தது. புதிய சட்டம் அதைக் கைவிட்டு, வாடகையை இருதரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள விட்டுவிட்டது. வீடு கிடைக்காத ஊரில் இந்தப் பேச்சில் உரிமையாளரின் கையே ஓங்கும்.

ஆகவே எழுத்து ஒப்பந்தம்தான் இங்கே எல்லாம். ஓராண்டுக்கு உட்பட்ட குத்தகைக்குப் பத்திரப்பதிவு கட்டாயமில்லை என்பதால் 11 மாத ஒப்பந்தம் போடும் பழக்கம் வேரூன்றியது. இச்சட்டப்படி எத்தனை மாதத்துக்கானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் அதைப் பதிய வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்க 21-ஆம் பிரிவு உரிமையாளரை அனுமதிக்கிறது. வாய்ப்பேச்சை நம்பிக் குடியேறியவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

அதிகம் சண்டை வருவது அட்வான்ஸில். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது 11-ஆம் பிரிவு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் இந்த வரம்பு பொருந்தாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் தொடர்வதற்கு அந்த விதிவிலக்கு இடம் கொடுக்கிறது. வீட்டைக் காலி செய்தபின் உரிய பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

பராமரிப்பை இரண்டாம் அட்டவணை பிரித்துத் தருகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி முதலியவை வாடகைதாரர் பொறுப்பு.

வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல் போன்ற காரணங்களுக்காக வாடகைதாரரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு தேவை. மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயம் உண்டு. தகராறு இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் பற்றிய வரியைப் படித்துப் பாருங்கள்; பதிவு எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.