சிப்பாயும் ஊசியும்

1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது ஆங்கில அரசு முதலில் நம்பியது சிப்பாயை. புனேயில் வீடு புகுந்து நடத்திய சோதனைகள் மூட்டிய கோபத்தில், 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதே ஆண்டு ஜனவரியில் நுண்ணுயிரியலாளர் ஹாஃப்கின், தான் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறையில், முன்வந்த கைதிகளுக்கு. (கைதியின் விருப்பம் எவ்வளவு விருப்பம் என்பது வேறு கேள்வி.) மக்கள் வெறுத்தது மருந்தைவிட, அதனுடன் வந்த அதிகாரத்தையே என்பது என் கருத்து.

கொள்ளைநோய்க் காலத்தில் நம்பிக்கை வளரும்வரை காத்திருக்க முடியுமா என்று கேட்கலாம். ஆனால் கெடுபிடிக்கு அஞ்சியவர்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், ஊரைவிட்டே ஓடினார்கள். நோயும் கூடவே போனது. நம்பிக்கையோ எளிதில் உடைவது. 1902இல் பஞ்சாபின் முல்கோவாலில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸால் இறந்தார்கள். பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது. அது நீங்க 1907 ஆயிற்று.