பகடையும் படுகளமும்

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் மேடையில்லை, அரிதாரமில்லை. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர், ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் அந்த உலகத்தையும் அதன் பூதங்களையும் ஏற்றுச் சொல்லிக்கொண்டு போகிறார். உயிர் காகிதத்தில் ஓர் எண். வெட்டுக்கு வெட்டு பகடை. எண் தீர்ந்தால் சாவு. 1978ல் கைகாக்ஸ் அச்சிட்ட ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற கல்லறை, கெட்டிக்கார ஆட்டக்காரர்களின் பாத்திரங்களைக் கொல்லவென்றே கட்டியது. அங்கே பச்சைப் பிசாசு முகமொன்றின் வாய்க்குள் நுழைந்தவன் இல்லாமலே போகிறான்.

பாரதக் கூத்திலும் பகடை உண்டு. ஆனால் ‘பகடை துயில்’ இரவோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு விழும் தலைகளெல்லாம் அதன் பாக்கி. கர்ணன் சாவான் என்பது முன்வரிசைக் குழந்தைக்கும் தெரியும். சாவை எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பதுதான் கூத்து. பொன்னுருவியிடம் விடைபெறுவதிலேயே இரவு கரைகிறது. அம்பு பட்ட பின்னும் உயிர் போவதில்லை. செய்த தர்மம் தடுக்கிறது. கண்ணன் கிழப் பிராமணனாக வந்து அதையும் யாசித்து வாங்கிக்கொள்கிறான். அங்கே எண் தீர்வதுபோல இங்கே புண்ணியம் தீர்கிறது. ஆனால் கொடுத்துத் தீர்கிறது.

துரியோதனனுக்கு வேறு ஏற்பாடு. திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசியில் பீம வேஷக்காரர் தொடையில் அடிப்பது தரையில் கிடத்திய பிரம்மாண்டமான மண்ணுருவத்தை. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையிலோ ஆட்களே விழுகிறார்கள். உடுக்கைப் பாட்டு வீரர்களின் சாவுக்கு வந்ததும் ஊர்க்காரர்கள் சிலர் நினைவிழந்து சாய்கிறார்கள். துணி போர்த்திக் கிடத்துகிறார்கள். தங்காள் எழுப்பும் கட்டத்தில் எழுகிறார்கள். செத்தவனை எழுப்பும் மந்திரம் அமெரிக்க ஆட்டத்துப் பூசாரிக்கும் உண்டு. (சம்பந்தர் பூம்பாவையைச் சாம்பலிலிருந்து எழுப்பியதைப் பாடிய சேக்கிழார் எங்கள் குன்றத்தூர்க்காரர். ஆச்சரியப்பட எனக்கு அதிகமில்லை.) மந்திரம் பலிக்காவிட்டால் ஆட்டக்காரர் புதுக் காகிதம் எடுத்து வேறு பெயர் எழுதிக்கொள்கிறார்.

கர்ண வேஷக்காரருக்கு அந்த வசதியில்லை. அடுத்த ஊரில் அதே கர்ணனாக மறுபடி சாகவேண்டும். அதுவும் சில சமயம் இன்னொருவருக்காக. காஞ்சிபுரம் வட்டாரத்தில் இறந்தவர்களின் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைப்பார்கள். கர்ணன் போகும் வழியில் தங்கள் மனிதரும் போகட்டும் என்று.

நகரத்து அரங்கில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கிய கர்ணனைப் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தில் குறையில்லை. ஆனால் உயிர் சட்டென்று போய்விட்டது, பகடைச் சாவு. இதற்கு நகரத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரகடத்தில் காலை ஷிப்டுக்குப் போகவேண்டியவன் எப்படி விடியும்வரை உட்காருவான்? பன்னிரண்டு மணிக்கே எழுந்து போகிறவனுக்குக் கர்ணன் சாவதேயில்லை.

இருப்பவர்கள் இருக்கிறார்கள். காரிய வீட்டில் விடியற்காலை கர்ணன் விழுந்ததும் பெண்கள் அழத் தொடங்குகிறார்கள். வேஷக்காரர் எழுந்து உள்ளே போய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொள்ளும்போதும் அது வெளியே கேட்டுக்கொண்டிருக்கிறது.